தலைப்பாகையோடு போகாதவை

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. விபத்தில் அடிபட்டு வந்தவரின் கட்டிலருகே இந்தப் பழமொழி ஒலிக்காத நாள் எங்கள் வார்டில் அரிது. பார்க்க வரும் பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருப்பவர் சொல்வார். மாவுக்கட்டுப் போட வருகிறவரும் சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் பலமுறை சொல்லியிருக்கிறோம். அதில் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆறுதலும் நன்றியும் கலந்த சொல்தான். ஆயினும் அதை இனிச் சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஒரு முடிவெடுத்திருக்கிறோம். நோயாளிகளின் குடும்பத்தாரும் அதைக் கைவிட்டால் நல்லது என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாற்பதைக் கடந்த ஒருவர். குடும்பத்தோடு ஊருக்குச் சென்றுவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஓட்டியவர் மைத்துனர், இவர் முன்னிருக்கையில் இடப்பக்கம். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி, விளக்கில்லாமல் ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் கார் மோதிற்று. இவருக்குத் தொடையெலும்பு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவருவது தெளிவாகத் தெரிந்தது. மருத்துவருக்குத் திருப்தி. எங்களில் ஒருவர் பேச்சுவாக்கில், எதில் வந்தீர்கள் என்று கேட்டார். இரண்டு பேருந்து மாறி வந்ததாகச் சொன்னார். ஊன்றுகோலோடு, தொடையில் கம்பியோடு, இரண்டு பேருந்து. வீட்டில் தம்பியின் கார் நிற்கிறது. அழைத்துவரத் தம்பியும் ஆயத்தமாக இருந்தார்.

மற்றவற்றை மனைவி சொன்னார். கார்க் கதவைத் திறந்தாலே அவருக்கு வியர்க்கிறது. இரவு இரண்டு மணிக்குமேல் உறக்கமில்லை. தெருவில் யாராவது பிரேக் போட்டால் காலை உதறிக்கொண்டு எழுகிறார். பள்ளியிலிருந்து மகன் பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு, ஒருநாளும் இல்லாத கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டார். இத்தனையையும் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி எங்களை வெட்கப்பட வைத்தது. “பிழைத்ததே பெரிது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் நான் என்ன சொல்ல?”

எலும்பு கூடிற்றா என்று ஆறு வாரமும் கேட்டிருந்தோம். தூங்கினீர்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. (அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறோம், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

அந்தப் பழமொழியின் குறை இதுதான். அது வாயை அடைத்துவிடுகிறது. உயிர் என்கிற பெரிய வரவைக் காட்டி, மற்ற எல்லா இழப்பையும் சில்லறையாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் ஒருவர், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகிவிடும். ஆகவே சொல்லமாட்டார், சொல்லாதது உள்ளே தங்கும்.

இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு நம் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது. இந்த எண்கள் உடலை எண்ணியவை. பின்னிருக்கையில் ஒரு கீறலும் இல்லாமல் தப்பிய சிறுமி இக்கணக்கில் இல்லை. நள்ளிரவில் தொலைபேசியை எடுத்த தாய் இதில் இல்லை. நசுங்கிய காரிலிருந்து முன்பின் தெரியாதவர்களை இழுத்து வெளியே போட்ட டீக்கடைக்காரரும் இல்லை.

விபத்துக்குப் பின் மனத்தில் நடப்பதை எளிதாகச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்று உடல் அறிவித்த அபாயச் சங்கு, ஆபத்து நீங்கிய பிறகும் நிற்காமல் ஊதிக்கொண்டிருக்கிறது. அந்த நொடி, அழையாமலே திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது. சிலருக்குக் கண்ணாடி நொறுங்கும் ஓசையாக, சிலருக்குப் பெட்ரோல் வாடையாக. கனவு வருகிறது. சிறு ஓசைக்கும் உடல் துள்ளுகிறது. அந்தச் சாலை, அந்த வண்டி, அன்று உடுத்திய சட்டை ஆகியவற்றைத் தவிர்க்கத் தோன்றுகிறது. எரிச்சல் மிகுகிறது. சிலரோ எதுவுமே உறைக்காதவர்போல் மரத்துப் போகிறார்கள். அழக்கூட இல்லையே, கல்நெஞ்சு என்று வீட்டார் வியக்கிறார்கள். அதுவும் இதே அதிர்ச்சியின் மற்றொரு முகந்தான்.

முதல் நாட்களில் இவை வருவது நோயன்று. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, உறக்கத்தையும் வேலையையும் உறவையும் குலைக்குமானால் அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. இந்தப் பெயர் அமெரிக்க உளமருத்துவ நூலில் இடம்பெற்றது 1980இல்தான். துன்பமோ மிகப் பழையது. புகைவண்டி வந்த காலத்திலேயே, மோதலில் எலும்பு முறியாதவர்களும் ஏன் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று மருத்துவர்கள் குழம்பினார்கள். ஜான் எரிக் எரிக்சன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1866இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். முதுகுத்தண்டு அதிர்ந்துபோவதுதான் காரணம் என்று அவர் கருதினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1865 ஜூன் 9 அன்று, ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் தடம் புரண்ட ரயிலில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இருந்தார். அவர் காயமின்றித் தப்பினார். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். ஆனால் அதன்பின் ரயிலேறும்போதெல்லாம் நடுக்கம் அவரை விடவில்லை. சரியாக ஐந்தாண்டு கழித்து, அதே ஜூன் 9இல் இறந்தார். அவருக்கும் யாரோ இந்தப் பழமொழியின் ஆங்கில வடிவத்தைச் சொல்லியிருக்கக்கூடும்.

காயத்தின் அளவைக் கொண்டு மனத்தின் அடியை அளக்க முடியாது. இதைக் குடும்பத்தார் ஏற்றுக்கொள்வது கடினமாக இருக்கிறது. காலிழந்தவர் மூன்று மாதத்தில் தெளிந்து நிற்பதையும், நகக்கீறல் மட்டும் பட்ட அவருடைய தங்கை ஓராண்டாகச் சாலையைக் கடக்கத் திணறுவதையும் ஒரே வீட்டில் கண்டிருக்கிறோம். இத்தோடு முடிந்தோம் என்று அந்த நொடியில் ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்பினார், பிறகு அவரைச் சுற்றியிருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பவை தையல்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானவை. “அவனுக்கே ஒன்றுமில்லை, உனக்கென்ன?” என்ற கேள்வியை வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காதிருப்பது நலம்.

இனி, பார்வையாளர் நேரத்தைப் பற்றி. எங்களுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வராதிருப்பது பெருங்குற்றம். வருகிறவர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவருகிறார்கள். கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறார்கள். எப்படி நடந்தது? முதலில் வந்தவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார், மீண்டும் முதலிலிருந்து. எந்த இடத்தில், என்ன வேகம், நீ தூங்கிவிட்டாயா, பெல்ட் போட்டிருந்தாயா, லாரிக்காரன் என்ன சொன்னான். மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் ஒரே நோயாளி ஒரே விபத்தை ஒன்பது முறை விவரித்ததை எங்கள் செவிலியர் ஒருவர் எண்ணியிருக்கிறார். போதாக்குறைக்கு, யாரோ அனுப்பிய நசுங்கிய காரின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் கட்டிலில் இருப்பவரிடமே காட்டுகிறார்கள். இதிலிருந்து நீ எப்படித் தப்பினாய் என்று வியப்பதற்காகக் காட்டுவது அது. அந்த இரவு அவர் உறங்குவதில்லை.

கொட்டித் தீர்த்தால் மனம் இலேசாகும் என்று நாம் நம்புகிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் கொட்டுவதற்கு அவருக்கே தோன்ற வேண்டும். பிரிட்டனில் சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரை உடனடியாக உட்கார வைத்து, நடந்ததை முழுவதும் விவரிக்கச் செய்து, ஆறுதல் சொன்னார்கள். மற்றவர்களை அப்படிச் செய்யவில்லை. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, விவரிக்கச் செய்யப்பட்டவர்களே மோசமான நிலையில் இருந்தார்கள். குறிப்பாக, தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களுக்கு அந்த ஒரு முறைப் பேச்சு நன்மை செய்யவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த முடிவுகளுக்குப் பின், எல்லாரையும் உடனே பேசவைக்கும் வழக்கத்தை உலகெங்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டனர். பயிற்சி பெற்றவர்களே கைவிட்டதை நம் பெரியப்பாக்கள் மாலைதோறும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு நோயாளியின் மனைவி இதற்கு வழி கண்டார். பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, “எப்படி நடந்தது என்று கேட்க வேண்டாம். கிரிக்கெட் பற்றிப் பேசலாம்” என்று எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டார். வந்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். பெரும்பாலோர் கிரிக்கெட் பேசினார்கள். நாங்கள் அந்தத் தாளைக் கிழித்துவிடவில்லை. சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்ற விதியை அன்று மறந்துவிட்டோம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அவர் தாமாகப் பேசத் தொடங்கும்போது, “அதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறாய்” என்று அடக்குவது. பேச வந்தால் இருந்து கேளுங்கள். இடையில் திருத்த வேண்டாம், அறிவுரை வேண்டாம், நீங்கள் அறிந்த இதைவிடப் பெரிய விபத்தின் கதையும் வேண்டாம். குழந்தைகள் வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பொம்மைக் கார்களை எடுத்து மோதவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அபசகுனம் என்று அவற்றைப் பிடுங்கி ஒளித்து வைத்த வீடுகளை அறிவோம். ஒளிக்காதீர்கள். அருகில் அமர்ந்து, அடுத்து ஆம்புலன்ஸ் வருமா, யார் யாரையெல்லாம் காப்பாற்றும் என்று விளையாட்டை முன்னே நகர்த்துங்கள். பல வாரமாகியும் ஒரே மோதல், அதுவும் முகத்தில் மகிழ்ச்சியில்லாமல் தொடர்ந்தால் எங்களிடம் அழைத்து வாருங்கள்.

பழி என்பது மற்றொரு காயம். திருமணமான மூன்றாம் மாதத்தில் கணவருக்கு விபத்து நேர்ந்தால், மருமகள் வந்த ராசி என்று சொல்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதே காரில் அடிபட்டு, கழுத்தில் பட்டையோடு, கணவரின் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எங்களால் மறக்க முடியவில்லை. அவருக்கு நாங்கள் வலி மாத்திரை கொடுத்தோம். அந்தச் சொல்லுக்கு மாத்திரை இல்லை. வார்டில் இனி அப்படிப்பட்ட பேச்சு எங்கள் காதில் விழுந்தால் குறுக்கிட்டுச் சொல்வோம். குடும்ப விவகாரம் என்று விலகி நிற்கமாட்டோம். பிரேக்குக்கும் டயருக்கும் சாலையில் நின்ற லாரிக்கும் மணமகளின் நட்சத்திரம் தெரியாது.

வண்டியை ஓட்டியவரின் நிலை இன்னும் தனிமையானது. அவர் கவனக்குறைவாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். யாரேனும் இறந்திருந்தால் அவர்மேல் வழக்கு நடக்கும். எதையும் யாரிடமும் பேசாதே என்று வழக்குரைஞர் சொல்லியிருப்பார். வீட்டில் அவர் முகத்தைப் பார்த்து ஒருவரும் பேசமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நாங்கள் சொல்வது: நடந்ததில் உங்கள் பங்கு என்ன என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும், அதற்கு முன் நீங்களே உங்களுக்குத் தண்டனை எழுதிக்கொள்ள வேண்டாம். சிகிச்சையில் நீங்கள் சொல்வதை இரகசியமாகக் காப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. அதன் விதிவிலக்குகள் மிகச் சில. உயிருக்கு ஆபத்து என்பது அவற்றில் ஒன்று. என்னால்தான் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவரை வீட்டார் தனியே விடாதிருப்பது நல்லது.

திருஷ்டி கழிப்பது, பூசணிக்காய் உடைப்பது, திருநீறு போட்டு மந்திரிப்பது, தர்காவில் ஓதிவருவது, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வது ஆகியவற்றைப் பற்றி எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள். பயந்திருக்கிறார் என்பதை வீடு முழுவதும் ஒப்புக்கொண்டு, அவருக்காக ஏதோ செய்கிறது. அந்த ஒப்புதலுக்கே மருந்தின் குணம் உண்டு. ஆனால் தாயத்துக் கட்டியாயிற்று, இனிப் பயப்படக்கூடாது என்று அவரை மிரட்டாதீர்கள். மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

மீண்டும் வண்டியில் ஏறுவது எப்படி? இதில் இரண்டு கட்சிகளைப் பார்க்கிறோம். குதிரையிலிருந்து விழுந்தவனை உடனே குதிரையில் ஏற்ற வேண்டும் என்பது ஒன்று. வீட்டுக்கு வந்த அன்றே நெடுஞ்சாலையில் ஐம்பது மைல் அழைத்துப் போய்விடுவார்கள். பாவம், விட்டுவிடு, அவன் ஏறவே வேண்டாம் என்பது மற்றொன்று. முதல் கட்சி முரட்டுத்தனமானது. இரண்டாவது அன்பாகத் தோன்றும். ஆனால் அதுதான் அதிகக் கேடு செய்கிறது. பயந்ததைத் தவிர்க்கும்போது அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கிறது. தவிர்த்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் ஒருபடி உயர்கிறது. காரில் தொடங்கியது ஆட்டோவுக்குப் பரவும்; பிறகு தெருவுக்கு; பிறகு வாசற்படிக்கு.

நாங்கள் நடுவழியைப் பரிந்துரைக்கிறோம். வாசலில் நிற்கும் காரில், எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, பிடித்தமான ஒருவரோடு பத்து நிமிடம் உட்காருவதே முதல் நாள் வேலை. நெஞ்சு படபடக்கும். படபடப்பு ஓரளவு தணியும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு இறங்குங்கள். உச்சத்தில் இருக்கும்போதே ஓடிவந்துவிட்டால் பயம்தான் வென்றதாகும். அது பழகியதும் கதவைச் சாத்தி உட்காரலாம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு. பிறகு போக்குவரத்து இல்லாத விடியற்காலையில் தெருமுனைவரை. விபத்து நடந்தபோது அமர்ந்திருந்த அதே இருக்கை கடைசிப் படிகளில் ஒன்றாக இருக்கட்டும். அந்தச் சாலை அதற்கும் பிறகு. ஒரு படிக்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். ஓட்டுகிறவர் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: மெதுவாக என்றால் மெதுவாக, நிறுத்து என்றால் நிறுத்தம், அதில் கேலி இல்லை. “பார், ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்லும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது அவருக்கும் தெரிகிறது. உடம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லை. இது துணையோடு தொடங்கும் முயற்சி மட்டுமே. முதல் படியிலேயே தாங்க முடியாமல் போனால் மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். இதே முறையை இன்னும் நுட்பமாக, நினைவுகளையும் சேர்த்துக் கையாளும் பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன. அவை நன்கு ஆராயப்பட்டவை. தாமே வண்டி ஓட்டத் திரும்புவதோ வேறு செய்தி; எலும்பு, பார்வை, தலைக்காயம், மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகுதான்.

உறக்கத்துக்காக மது என்பது ஆண்களிடம் வழக்கமாகி வருகிறது. கேடு. பக்கத்து வீட்டாரின் தூக்க மாத்திரையும் அப்படியே. பதற்றத்தைத் தணிக்கும் டயசெபாம் வகை மாத்திரைகளை இத்தகைய அதிர்ச்சிக்கென்று முதல் மாதத்தில் கொடுக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013இலேயே வழிகாட்டியிருக்கிறது. நீங்களாகக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதியதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

உடனிருப்பவர்களுக்கும் ஒரு சொல். அந்தத் தொலைபேசி அழைப்பை எடுத்தவர் நீங்கள். இரத்தம் தோய்ந்த உடைகளைப் பையில் வாங்கியவர் நீங்கள். காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் மருந்துக்கடைக்கும் அலைந்தவரும் நீங்கள்தான். கைப்பேசி ஒலித்தால் அடிவயிறு கலங்குகிறதா? அவர் மூச்சுவிடுகிறாரா என்று இரவில் எழுந்து பார்க்கிறீர்களா? விபத்தில் இல்லாதவருக்கும் விபத்து நேர்கிறது. நான்தான் தைரியமாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பல தாய்மார்கள், நோயாளி நடக்கத் தொடங்கிய வாரத்தில் படுத்துவிடுகிறார்கள். உங்களுக்கும் தனியாக ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். அது ஆடம்பரமன்று.

பணம், சட்டம் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை பலருக்குக் கிடைத்துவருகிறது. அரிய திட்டம் அது. மனத்தின் தொல்லையோ பெரும்பாலும் அந்த 48 மணி நேரம் கழிந்த பிறகுதான் வெளியே தெரிகிறது. அப்போது யாரும் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று மேற்சொன்ன சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் எலும்புக்கு மட்டுமே மதிப்பு என்று எண்ண வேண்டாம். காயத்தால் வரும் வலி, துன்பம், மன அதிர்ச்சி ஆகியவையும் இழப்பீட்டின் ஒரு தலைப்பு என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் வழங்கிய தீர்ப்பொன்றில் வரையறுத்திருக்கிறது. ஆகவே மனநலச் சிகிச்சைச் சீட்டுகளையும் எக்ஸ்ரே உறையிலேயே பத்திரப்படுத்துங்கள். வெட்கப்பட்டு அவற்றைத்தான் முதலில் கிழித்துப் போடுகிறார்கள்.

எப்போது வர வேண்டும்? ஒரு மாதமாகியும் மேற்சொன்னவை குறையாவிட்டால். அதற்கு முன்பே உண்ணாமல் உறங்காமல் தவித்தால். சாவதே மேல் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் அன்றே அழைத்து வாருங்கள். இரவாயின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் நாள் முழுவதும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தலையில் அடிபட்டவருக்குத் தலைவலி மிகுதல், வாந்தி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை தோன்றினால் அதை மனத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உடனே கொண்டுவர வேண்டும்.

எங்கள் பங்குக்கு, விபத்து நோயாளிகளின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு கேள்விகளுக்கு இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். தூக்கம் எப்படி? வண்டியில் ஏற முடிகிறதா? மறுபரிசோதனைக்கு வரும்போது மருத்துவர் இவற்றைக் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள். எலும்பு மருத்துவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். எக்ஸ்ரேயில் தெரியாததை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

முதலில் சொன்னவர் மனநலப் பிரிவுக்கு ஐந்து முறை வந்துபோயிருக்கிறார். எஞ்சின் ஓடும் காரில் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்கிறாராம். அவருடைய மகன்தான் கடிகாரம் பார்ப்பவன். சென்ற முறை ஒரு பேருந்தைக் குறைத்துவிட்டு, மீதித் தொலைவுக்கு ஆட்டோவில் வந்தார். முன்னிருக்கை இன்னும் முடியவில்லை. அடுத்த மறுபரிசோதனைக்கு நாள் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.